நாலு கட்டை

ஹெரேஸ், மே 20

அன்புள்ள அம்பாரோ அக்கா,

இதனால் சகலருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிப்பது: அப்பாவின் பாட்டுக்குக் கிதார் வாசிக்கும் எவாரிஸ்தோ மாமாவின் வலது கட்டைவிரல் நகம், செவ்வாய் மாலை, மீன் டப்பாவைத் திறக்கும் வீரப்போரில் சதையோடு பிய்ந்து காலமானது. நகத்தை ஒட்டும் பசை வைத்தியமும் பலிக்கவில்லை; நகமில்லாமல் தந்தியை மீட்ட முடியாது.

ஜூன் 14, ஃபிளமென்கோ மன்றத்தில் அப்பாவின் கச்சேரி. பக்கத்து நாற்காலி காலி. அதில் உன்னை உட்கார வைக்கிறேன். என் நாக்கு பார்த்துக்கொள்ளும்.

(போனில் சொல்லலாமே என்பாய். கணக்கு வாத்தியாரின் தும்மலை மணியோசையாக வைத்த குற்றத்துக்காக என் போன் பள்ளி அலமாரியில் சிறையில் இருக்கிறது.)

உன் தம்பி,
நாவரசன் லாசரோ

மாட்ரிட், மே 24

டேய் லாசரோ,

நகத்துக்கு என் அனுதாபம். ஆனால் ஒன்றை மறந்துவிட்டாய். மூன்று வருஷம் முன்பு அதே மேடையில் அப்பா "நாலு கட்டை" என்றார். அவர் குரல் இறங்கி வெகுநாளாகியிருந்தது. நான் அவரைக் கேட்காமல், கிதார் கழுத்தில் சுருதியை ஏற்றக் கவ்வும் கேப்போவை இரண்டாம் கட்டையில் மாட்டினேன். பாட்டு பிழைத்தது, நான் பிழைக்கவில்லை. "அகுஸ்தினுக்கு இப்ப ரெண்டுதானா?" என்று முன்வரிசையில் எவனோ அப்பா பெயரைச் சொல்லிக் கத்தினான். அன்று நின்றதுதான் அப்பா என்னோடு பேசுவது.

தனியாக வாசிக்க டோக்கியோ வரை கூப்பிடுகிறார்கள். இரண்டு இசைத்தட்டு வந்துவிட்டது. பாடகருக்குப் பக்கத்தில் உட்காரத்தான் ஒரு பெண்ணை யாரும் கூப்பிடுவதில்லை. அந்த நாற்காலியை நான் விடுவதாக இல்லை. வருகிறேன். ஆனால் அவர் தொண்டை கிழிய நாலில் வாசிக்க மாட்டேன். ரெண்டுதான் என்று சொல்லிவிடு.

அம்பாரோ

ஹெரேஸ், மே 29

அக்கா,

சொன்னேன். சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி நுரையோடு திரும்பினார். "இந்தக் கட்டை சாயுற வரைக்கும் நாலு கட்டைதான்டா!"

"கட்டை சாஞ்சப்புறம் பாடவா போறீங்க?" என்றேன். செருப்பு பறந்தது.

அதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? வாதாடி வென்றேன். "யாரு வேணா வாசிக்கட்டும், நாலுல மாட்டினா சரி" என்று இறங்கி வந்துவிட்டார்.

இனி என் சொந்த மூளையின் கண்டுபிடிப்பைக் கேள். எல்லாத் தந்திகளையும் இரண்டு கட்டை இறக்கிச் சுருதி சேர். கேப்போவை நாலிலேயே மாட்டு. ஊர்க் கண்ணுக்கு நாலு, அப்பா தொண்டைக்கு ரெண்டு! தடித்த தந்தி போடு, இல்லாவிட்டால் தளர்ந்து இரையும். அப்பாவுக்குத் துளியும் தெரியாது. தந்தியிலேயே தந்திரம் ஒளிந்திருப்பதை இத்தனை நாள் எவனாவது பார்த்தானா?

மேதை லாசரோ

மாட்ரிட், ஜூன் 3

லாசரோ,

தந்திரம் நல்லதுதான். தடித்த தந்தி வாங்கி மாட்டியும் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்துகிறது. பிறகு கழற்றிவிட்டேன்.

அன்று நான் செய்த தப்பு இரண்டில் மாட்டியதல்ல, அவரைக் கேட்காமல் மாட்டியது. அதையே இப்போது ஒளித்துச் செய்யச் சொல்கிறாய். பன்னிரண்டு அடித் தாளத்தை என் முதுகில் தட்டித் தட்டிக் கற்றுக்கொடுத்த மனிதரை ஏமாற்றிக் கிடைக்கிற நாற்காலி எனக்கு வேண்டாம். வரவில்லை. இதுவே முடிவு.

அம்பாரோ

ஹெரேஸ், ஜூன் 6

அக்கா,

ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிடாதே. முழுதும் படி.

நான் வாதாடவே இல்லை. செருப்பு பறந்ததும் மாடிக்கு ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது அப்பா என் பையைப் பிடித்து நிறுத்தினார். முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தே பேசினார்.

"உங்க அக்காவ எல்லாத் தந்தியையும் ரெண்டு இறக்கிக் கட்டச் சொல்லு. நாலுலயே மாட்டட்டும். தடிச்ச தந்தியா போடணும், இல்லன்னா இரையும்." பை வாரை என் தோளில் இழுத்துவிட்டார். "அவ காது அன்னிக்கே சரியாத்தான் சொல்லிச்சு."

பிறகு என் காதைப் பிடித்துத் திருகினார். "நான் சொன்னேன்னு எழுதினே, தொலைச்சுடுவேன். நீயே கண்டுபிடிச்சதா எழுது."

எழுதினேன். தடித்த தந்திக்கும் மெல்லிய தந்திக்கும் என்ன வித்தியாசம் என்றுகூட எனக்குத் தெரியாது அக்கா.

வெறும் லாசரோ