வண்ணக்கர் வைத்த கையெழுத்து

மார்ச் 2, திங்கள்
காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. செங்கலடியில் பஸ் தவறி முதற்பாடம் போச்சு. பிறகு உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பித்தேன்: இங்கிலாந்தின் மகா பட்டயம், மாக்னா கார்ட்டா. ராஜாவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று எழுதி, அந்த ராஜாவையே முத்திரை வைக்கப் பண்ணிய கதை.

பின்னேரம் கோயிலில் ஊர்க்கூட்டம். அண்ணன்தான் வண்ணக்கர், நிர்வாகம் முழுக்க அவர் கையில். கோயில் வயலை வருசா வருசம் தன் மச்சானுக்கே குத்தகைக்குக் கொடுக்கிறார் என்று சனத்துக்குக் கொதிப்பு. கடைசியில் இறங்கி வந்தார். இனி ஊரைக் கேளாமல் வயலைக் கொடுப்பதில்லை என்று கையெழுத்து வைத்தார். தாளை எழுதியது நான், சாட்சியும் நான். சந்தோஷம் பிடிபடவில்லை.

மார்ச் 4, புதன்
அண்ணன் மத்தியானம் சாப்பிட வந்தார். கணவாய்க் கறி, உப்புக் கூடிவிட்டது. என்ன படிப்பிக்கிறாய் என்று கேட்டார். வழக்கமில்லாத கேள்வி. என் வாய் சும்மா இருக்குமா? பட்டயக் கதையை முத்திரை வரை சொன்னேன்; பிறகு நடந்ததையும் அண்ணன் கேட்டார்.

"மறுகா அந்த ராஜா என்ன செய்த?"

"பத்துக் கிழமைதான் நிண்டது அண்ணன், மூண்டு மாசமும் இல்ல. பாப்பரசரிட்டச் சொல்லி, பயங்காட்டி வாங்கின பட்டயம் எண்டு செல்லாமல் ஆக்கிப்போட்டான்."

"கெட்டிக்காரன்தான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மார்ச் 9, திங்கள்
தலையில் இடி. அண்ணன் பிரதேச செயலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறார். பயங்காட்டி வாங்கிய கையெழுத்தாம், செல்லாதாம். நான் சொன்ன அதே சொல்! சிறுபோக விதைப்புக்கு வயலில் மச்சானின் டிராக்டர் இறங்கியாச்சு.

வகுப்பில் ராஜா பட்டயத்தைச் செல்லாமல் ஆக்கிய இடம் வந்தது. ஒரு பிள்ளை: "அப்ப பட்டயம் எதுக்கு டீச்சர்?" அந்த ராஜா செத்த பிறகு திரும்ப எழுதினார்கள் என்று சொல்லியிருக்கலாம். வாசியுங்கள் என்று சொல்லிவிட்டு ஜன்னலடியில் நின்றேன்.

மார்ச் 10, செவ்வாய்
அண்ணி ஃபோன். "நாளைக்கு விசாரணை. கூடப்பிறந்தவ நீயே அவர விட்டுக்குடுப்பியா? சனம் சத்தம் போட்டது எண்டு மட்டும் சொல்லு, அதுவே காணும்."

சத்தம் போட்டதுதான். பொய் இல்லையே. சீ, என்ன புத்தி எனக்கு.

மார்ச் 11, புதன்
அரை நாள் லீவு. பிரதேச செயலகத்தில் அதிகாரியின் மேசையில் நான் எழுதிய தாள். அதிகாரி கேட்டார்: "சாட்சி நீங்கதானே டீச்சர்? ஆரும் அவரப் பயங்காட்டினவங்களா?"

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல. சத்தம் போட்டவங்கதான். ஆனா பேனையக் கேட்டு வாங்கினது அண்ணன்."

வெளியே வந்தேன். அண்ணனைக் காணவில்லை, மோட்டார் சைக்கிளையும் காணவில்லை. காலையில் என்னை ஏற்றி வந்தவரே அவர்தான்.