நான்கு விரல் சதுரம்

14.3.2024

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், என் தொப்பை எங்கள் இருவரையும்விடச் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு, அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கொள்.

பட்டறை வாசலில் நிற்கும் மரத்தை வெட்டிவிட்டுக் கொட்டகை போட முதலாளி கிளம்பியதைப் போனில் சொன்னேனே, மரம் பிழைத்துவிட்டது, பிழைக்க வைத்தது நீ. யார் கையும் படாமல் முதல் சாமானைச் செய்து முடித்த அன்று அவரவர் கருவியை அந்த மரத்தில் செதுக்குவது நம் பட்டறை வழக்கம் அல்லவா, உளி, ரம்பம், இழைப்புளி என்று மூன்று தலைமுறைத் தச்சர்கள் அதில் இருக்கிறார்கள், பாதிப் பேருக்கு உலகத்தில் வேறெங்கும் ஒரு கோடுகூடக் கிடையாது. மரபுச் சின்ன அலுவலகத்து அதிகாரியம்மா வந்து பார்த்துவிட்டு, பழசுன்னு எதை வச்சுச் சொல்றது, தேதி தெரிஞ்ச ஒரு குறியாவது காட்டுங்க, மரம் பருத்ததுல அது எவ்வளவு அகண்டிருக்குன்னு பாத்து மத்ததைக் கணக்குப் போடலாம் என்றார். முதலாளி முகத்தில் அப்போதே கொட்டகை எழும்பிவிட்டது.

எனக்கு உன் நினைவு வந்தது. ஒன்பது வயதில் ஒரு முக்காலிக்கு உப்புத்தாள் தேய்த்துவிட்டு, நானும் தச்சன்தான் என்று அந்த உப்புத்தாளைச் சதுரமாகச் செதுக்கினாயே, நான் காதைத் திருகி மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினேனே. இருபது வருடத்தில் மரத்தோடு அதுவும் மேலே போயிருக்கும் என்று ஏணி போட்டுக் கிளை கிளையாகத் தேடினேன், கீழே மொத்தப் பட்டறையும் வேடிக்கை பார்த்தது. கடைசியில் பாலிஷ்காரர், அண்ணே, மரம் நுனியிலதான் உசரும், கீழ செதுக்குனது கீழயேதான் இருக்கும், முப்பது வருசமா மரத்தோடதானே குப்பை கொட்டுறீங்க என்றார். செத்த மரத்தோடுதானே கொட்டினேன், உயிருள்ளதைப் பற்றி எனக்கென்ன தெரியும்? இறங்கிப் பார்த்தால் என் இடுப்புயரத்தில் உன் சதுரம், என்னைப் போலவே பக்கவாட்டில் பெருத்திருக்கிறது.

அம்மா பீரோவிலிருந்து உன் கடிதத்தை எடுத்து வந்தாள். தேதியெல்லாம் போட்டு, நாலு விரல் சதுரமா செதுக்கினது தப்பு, ஆனா ஓரம் நேரா வந்திருக்கு என்று எழுதியிருக்கிறாய். அதிகாரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார், அப்புறம் நாடா பிடித்து அளந்தார், முதல் உளிக்கு எழுபது வயதுக்கு மேல் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். இனி அந்த மரத்தின் மேல் யாரும் கை வைக்க முடியாது. வருகிறவர் போகிறவரையெல்லாம் இழுத்துப் போய் உன் சதுரத்தைத்தான் காட்டுகிறேன், அதே மரத்தில் இருக்கும் என் இழைப்புளியை ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பார்க்காவிட்டால் போகட்டும்.

உன் மன்னிப்புக் கடிதம் அலுவலகக் கோப்புக்குப் போய்விட்டது. பதிலுக்கு என்னுடையதை வைத்துக்கொள்: அன்று உன் இடது காதைத் திருகியது தப்பு. ஓரம் நேராகத்தான் வந்திருக்கிறது. மேலே தேதி போட்டிருக்கிறேன், பத்திரம், என்றைக்காவது உதவும்.

நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு. காதை மூடிக்கொள்ள மறக்காதே, இடது காதை மட்டும் இரண்டு சுற்று.

உன் அப்பா