ஓடாத டிரையருக்கு மின் திருட்டு நோட்டீஸ்

அனுப்புநர்:
தை. சவரிமேரி (வயது 44),
க/பெ. தைரியராஜ்,
14/3, சம்மனசு கோயில் தெரு,
தோணித்துறை மேடு,
கடலூர் முதுநகர்.

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
மின் விநியோகக் கோட்ட அலுவலகம்,
தோணித்துறை மேடு,
கடலூர் மாவட்டம்.

பொருள்: இன்றுவரை ஒரு துணியைக்கூடக் காயவைக்காத டிரையரை ஓட்டி மின்சாரம் திருடியதாக வந்த நோட்டீசை ரத்து செய்யவும், கைப்பற்றிய கொடிக்கயிற்றைத் திருப்பித் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: பிரிவு அலுவலக நோட்டீஸ், நாள் 22.02.2012.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பதினேழு வருடமாகச் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்க்கிறேன். என் பதிவேட்டில் இதுவரை ஒரு முட்டை குறைந்தது கிடையாது. என் கணவர் சிதம்பரத்தில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்க்கிறார். எங்கள் ஒரே மகள் நித்யா மேரிக்கு அடுத்த மாதம் பிளஸ் டூ பொதுத்தேர்வு. வருகிற 05.03.2012 திங்கட்கிழமை எங்கள் மின் இணைப்பைத் துண்டிக்கப் போவதாக நோட்டீஸ் சொல்கிறது. எங்களுக்கு வருவதே அரைகுறைக் கரண்ட். அதையும் பிடுங்கிவிட்டால் பிள்ளை எதை வைத்துப் படிக்கும் என்று கேட்கவே இந்த மனு.

2. எங்களுடையது ஓட்டு வீடு, மாடி கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் துணி காயவே காயாது. நாற்காலிகளை ஃபேனுக்கு அடியில் போட்டு, அதில் துணியை விரித்துவிட்டு, நாங்கள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருப்போம். மிச்சத்தை ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தொங்கவிடுவோம். அப்படியும் என் மகளின் யூனிபார்மில் முடைநாற்றம் அடிக்கிறது என்று வகுப்பில் அவளைத் தனி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்று அவள் அழுத அழுகையைப் பார்த்துத்தான் டிரையர் வாங்குவதென்று முடிவு செய்தோம். ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை.

3. கரண்ட் ஜாஸ்தி இழுக்காத டிரையராகத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என் கணவர் ஏற்றுக்கொண்டார். அச்சில் வந்ததை மட்டுமே நம்புகிறவர், அதையும் இரண்டு தடவை படித்துத்தான் நம்புவார். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் நட்சத்திர ஸ்டிக்கர் டிரையரில் ஏன் இல்லை என்று சிதம்பரத்து வீதிகளில் கடை கடையாகக் கேட்டிருக்கிறார். பதில் கிடைக்கவில்லை. ஆகவே தாமே சோதித்துவிடுவது என்று, நனைத்துப் பிழிந்த போர்வை ஒன்றையும் என் சமையலறைத் தராசையும் பையில் வைத்துக்கொண்டு தினமும் பஸ் ஏறினார். போர்வையை ஈரத்தோடு நிறுத்து, கடை டிரையரில் போட்டு, காய்ந்ததும் மறுபடி நிறுத்து, மெஷின் எத்தனை நிமிடம் ஓடியது, எத்தனை யூனிட் ஆகும் என்று நோட்டில் எழுதிக்கொண்டார். இரண்டாவது மாதத்தில் அவர் தலையைக் கண்டதும் ஒரு கடையில் ஷட்டரைப் பாதி இறக்கியதாக அவரே சொன்னார். கடைசியில், துணி காய்ந்தது தெரிந்து தானாகவே நின்றுவிடும் மாடல் ஒன்றை வாங்கி வந்தார். ஒரு தடவை துணி காய நூறு நிமிடம். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

4. நவம்பர் கடைசி ஞாயிறு பூசை முடிந்து, எங்கள் வழக்கப்படி, பங்குச் சாமியார் வந்து டிரையரை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். தெரு முழுவதும் வந்து பாயசம் குடித்தது. மீட்டர் கணக்கெடுக்கும் திரு. பக்கிரி அவர்களும் வந்து இரண்டு டம்ளர் குடித்தார். புதிதாக ஒரு மெஷின் வந்திருப்பதை முறைப்படி தெரிவிக்க வேண்டுமே என்று, கூடுதல் மின்பளு கேட்டு மறுநாளே விண்ணப்பம் கொடுத்தேன். “இன்னாக்கா, இத்தயெல்லாம் யாராச்சும் போயி எழுதிக் குடுப்பாங்களா” என்று திரு. பக்கிரி அப்போதே கேட்டார். நான் செய்த குற்றம் இது ஒன்றுதான் ஐயா. அனுமதி வரும்வரை சுவிட்சில் யாரும் கை வைக்கக் கூடாது என்று வீட்டிலும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

5. அனுமதி 29.12.2011 அன்று கைக்கு வந்தது. மறுநாள் விடியலில் ‘தானே’ புயல் வந்தது. பாதி ஓடு பறந்துவிட்டது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பத்தொன்பது நாள் ஆனது. அதன் பிறகும் ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். நூறு நிமிடம் சேர்ந்தாற்போல் வந்தால்தானே டிரையரைப் போடமுடியும்? அறுபது நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓட்டுவது மின்சாரத்தை வீணாக்குவது என்று என் கணவர் பிளக்கையே பிடுங்கி வைத்துவிட்டார். ஆக, மூன்று மாதமாக அது சாமியார் மந்திரித்த இடத்திலேயே நிற்கிறது.

6. இந்த நிலையில் திரு. பக்கிரி அவர்கள் கணக்கெடுத்தார். போன தடவை 212 யூனிட், இந்தத் தடவை 94. மின்பளு இரண்டு மடங்காகி, யூனிட் பாதிக்கும் கீழே போனால் அது திருட்டுத்தான் என்று பிரிவு அலுவலகத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். எங்கள் தெருவில் எல்லாருக்கும் யூனிட் குறைந்திருக்கிறது. மின்பளு கேட்டு எழுதிக் கொடுத்தவள் நான் ஒருத்தி என்பதால் நான் ஒருத்தி மட்டும் திருடி.

7. சென்ற 20.02.2012 அன்று உதவிப் பொறியாளர் அவர்களும் ஊழியர் இருவரும் சோதனைக்கு வந்தார்கள். டிரையர் கதவைத் திறந்தார்கள். உள்ளே வீட்டுப் பத்திரம், குடும்ப அட்டை, ஞானஸ்நானச் சான்றிதழ்கள், மகளின் பாடப்புத்தகங்கள் எல்லாம் இருந்தன. புயலன்று ஓடு பறந்தபோது நனையாமல் இருந்த ஒரே இடம் அதுதான் என்பதால் அவற்றை அன்றே அதற்குள் வைத்தோம், இன்னும் எடுக்கவில்லை. இதை நான் விளக்கிச் சொல்லியும், ‘இயந்திரம் பயன்பாட்டில் உள்ளது’ என்று அறிக்கையில் எழுதிவிட்டார்கள். வேதியியல் புத்தகத்தை வைக்க எத்தனை யூனிட் ஆகும் என்று கேட்டேன். எதிர்த்துப் பேசியதாக அதையும் எழுதிக்கொண்டார்கள்.

8. பிறகு கொக்கி போட்ட வயரைத் தேடினார்கள். எங்கள் சன்னலிலிருந்து ஒன்று வெளியே போவதைக் கண்டு, அதைப் பிடித்துக்கொண்டே நடந்து, பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் அவர்களின் முருங்கை மரத்தில் போய் நின்றார்கள். அது எங்கள் கொடிக்கயிறு. அதில் மூன்று உள்பாவாடையும் என் கணவரின் போர்வையும் காய்ந்துகொண்டிருந்தன. ஆனாலும் வந்ததற்கு ஏதாவது கைப்பற்ற வேண்டுமென்று கயிற்றை அறுத்துச் சுருட்டி, பதினாறு கிளிப்புகளோடு எடுத்துப் போய்விட்டார்கள். துணியைப் பட்டம்மாள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். தெரு மொத்தமும் நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை மனுவில் எழுத முடியாது. இன்று எங்கள் வீட்டில் டிரையரும் ஓடவில்லை, கொடியும் இல்லை. துணி மறுபடி நாற்காலிக்கு வந்துவிட்டது.

9. ஆகவே ஐயா அவர்களிடம் நான் கேட்பவை: கயிற்றையும் கிளிப்புகளையும் திருப்பித் தர உத்தரவிட வேண்டும். உண்மை தெரியும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. உண்மை தெரிய ஒரே வழிதான் இருக்கிறது. ஒரு நாள் மாலை ஆறு மணியிலிருந்து ஏழு நாற்பது வரை, நூறு நிமிடம் நிற்காமல், எங்கள் தெருவுக்கு மின்சாரம் விடச் சொல்லுங்கள். உதவிப் பொறியாளர் அவர்கள் நேரில் வந்து உட்காரட்டும், டிரையரைப் போட்டுக் காட்டுகிறோம், மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். அதே விளக்கு வெளிச்சத்தில் என் மகள் மூலையில் உட்கார்ந்து படித்துக்கொள்வாள், யாருக்கும் தொந்தரவு தரமாட்டாள்.

10. ஒரு சோதனை போதாது என்று அவர்கள் கருதினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் தேர்வுகளுக்கு முந்தைய மாலைகளிலும் வந்து இதே போல் நூறு நூறு நிமிடம் சோதிக்கலாம். தேர்வு அட்டவணையை இத்துடன் இணைத்திருக்கிறேன். எங்களைத் திருடர்கள் என்று சந்தேகப்படுவதை அதுவரை விட்டுவிடாமல் இருக்கும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கடைசித் தேர்வை என் பிள்ளை எழுதிவிட்டு வந்த பிறகு எந்த வயரை வேண்டுமானாலும் அறுத்துக்கொள்ளுங்கள்.

இடம்: கடலூர் முதுநகர்
நாள்: 27.02.2012

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
தை. சவரிமேரி

இணைப்பு:
1. நோட்டீஸ் நகல்
2. கூடுதல் மின்பளு அனுமதி நகல்
3. பிளஸ் டூ தேர்வு அட்டவணை