மேரே பார்த்துக்கொண்ட சனிக்கிழமை

வுனிமோனோ, ஃபிஜி, ஆகஸ்ட் 2000, சனி இரவு

இன்று சுவாவில் குழந்தை பராமரிப்பு வகுப்புக்குப் போய்வந்தேன். வீட்டில் நான் கூலிக்குப் பார்த்துக்கொள்ளும் நாலு பிள்ளைகளோடும் பக்கத்து வீட்டு மேரே இருந்தாள். இன்னொரு வகுப்பு தவறினால் என் பெயரை எடுத்துவிடுவார்கள். நாட்டை விட்டு நியூசிலாந்துக்குப் போக நேர்ந்தால், சர்டிபிகேட்டை வைத்து ஆக்லாந்திலும் இதே தொழிலை நடத்தலாம். இல்லாவிட்டால் அங்கே யார் வீட்டிலோ பாத்திரம் தேய்க்க வேண்டியதுதான். சனிக்கிழமைத் துணைக்கு இருந்த நாத்தனார், மே மாதம் எங்கள் இந்திய வம்சாவளிப் பிரதமரைக் கவிழ்த்த கலகம் வந்ததும் சிட்னிக்குப் போய்விட்டாள்.

மேரே பூர்வகுடி ஃபிஜிக்காரி. கலகத்துக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சுக் குறைந்திருந்தது. நேற்று அவளே வேலியோரம் வந்து, "நீ போ, நான் இருக்கேன்" என்றாள்.

திரும்பி வந்தபோது பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தீமிதி விரதம் இருப்பதை நினைத்து, மீன் டப்பாவைத் தொடாமல் மரவள்ளியைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்திருக்கிறாள். இந்த வருஷம் எனக்கு வந்த ஒரே லாபம் இவள்தான்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு வேணும், சொல்லு" என்றேன்.

"மார்க்கெட் புத்தி உன்னை விடாதா, பஹினி?" என்று, எங்கள் இந்தியில் தங்கச்சி என அழைத்துச் சிரித்தாள்.

"சும்மா செஞ்சா, நீ வராத அன்னைக்கு நான் சண்டை போட முடியாதே."

பேசி முடித்தது இதுதான். சனிதோறும் அவள் இங்கே. புதனன்று அவள் பாய் பின்னப் போகும்போது பேரப்பிள்ளைகள் இரண்டும் என்னிடம். காசு கிடையாது. அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: நான் நாட்டை விட்டுப் போவதாக இருந்தால், மற்றவர்கள் மாதிரி ராத்திரியோடு ராத்திரியாகப் போகக்கூடாது, அவளிடம் முதலில் சொல்ல வேண்டும். சரி என்றேன்.