நொமின் வந்து போனாள்

தொங்யோங்,
நவம்பர் 27

என் கண்ணு யுன்சலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், குளிர் இறங்கியதும் அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் திரும்பிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய் என்றுதான் தெரியவில்லை, பத்து நாளாகப் போனை எடுக்கவில்லையே. கோபம் எதனால் என்று தெரியும். அந்த மங்கோலியப் பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி வகுப்புக் குழுவில் சுற்றவிட்ட சீனியரை, நீயும் அவளும் புகார் கொடுத்தும் வெறும் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள் என்று நீ அழுதபோது, உனக்கெதற்கு ஊர் வம்பு, படிப்பைப் பார் என்று சொல்லிவிட்டேன். தப்புத்தான்.

அந்தப் பெண் நொமின்தான் போன வியாழக்கிழமை இங்கே வந்தாள். சிப்பி உடைக்கும் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தேன், வாசலில் ஒரு பெண் பையோடு நின்று, "யுன்சலோட அம்மா இங்கதானே வேலை பாக்குறாங்க?" என்று கேட்டாள். நான் உனக்கு அனுப்பிய கிம்ச்சிப் பெட்டியில் இருந்த விலாசத்தைக் குறித்து வைத்திருந்தாளாம். கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அப்போதுதான் மேஸ்திரி எந்த ஊர் என்று கேட்டான், மங்கோலியா என்று அவள் சொன்னதும், "உங்க ஊர்ல கடலே இல்லயாமே, இங்க மாப்பிள்ளை பிடிக்க வந்தியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், ரொம்பப் பழகிப்போனவள் போல. எனக்கு என்ன வந்ததோ, "வாய அடக்கு, அவ என் மக கூட்டாளி" என்று கத்திவிட்டேன். சிரிப்பு நின்றது, ஆனால் எனக்காக ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து மதியம் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. இருபது வருஷம் கூடவே சாப்பிட்ட மல்சுக், "உனக்கெதுக்குடி ஊர் வம்பு" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். நான் உன்னிடம் சொன்ன அதே வார்த்தை.

நொமின் ஓர் இரவு நம் வீட்டில் தங்கினாள். அப்பா மீனில் முள் எடுத்து எடுத்து அவள் தட்டில் வைத்தார். படிப்பை விட்டுவிட்டாளாம், சனிக்கிழமை ஊருக்கு விமானம் என்றாள். யுன்சலிடம் சொன்னாயா என்று கேட்டேன். "தைரியம் இல்லம்மா. அவ அழுதா நான் போகமாட்டேன். இருந்தா செத்துருவேன்" என்றாள். பிறகு, "புகார் தோத்துச்சு, சரி. ஆனா அந்த ரெண்டு மாசமும் அவ கூட இருந்ததால ஒரு நாள்கூட நான் தனியா சாப்பிடல, அத மட்டும் அவகிட்ட சொல்லுங்க" என்றாள். போய்விட்டாள், கண்ணு. இனி அவளைத் தேடி அலையாதே.

பேருந்தில் ஏறும்போது இன்னொன்றும் சொன்னாள். அதை உனக்குச் சொல்லவே கூடாது என்றிருந்தேன். அதை விட்டுவிட்டு இரண்டு முறை இந்தக் கடிதத்தை எழுதி, இரண்டு முறையும் கிழித்துப் போட்டேன். சொன்னால் நீ போவாய், அந்த சீனியர் உன் பக்கம் திரும்புவான், பெற்றவள் பயம் எனக்கு. இன்று மதியம் கொட்டகையில் ஒற்றையாக உட்கார்ந்திருந்தேன், சோறு இறங்கவில்லை. இத்தனைக்கும் எனக்கு ஐம்பத்திநாலு வயது. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படி இறங்கும்?

அவன் இப்போது அதே வேலையை வேறொரு பெண்ணிடம் காட்டுகிறானாம். உங்கள் துறையிலேயே முதலாம் ஆண்டு, பிட்னா என்று பெயர், பத்தொன்பதே வயது. அவளிடம் பேச எல்லோரும் பயப்படுகிறார்களாம். அவளிடம் தனியாகப் போகாதே, தோழர்கள் நாலு பேரையாவது சேர்த்துக்கொண்டு போ. குளிர் அதிகம், கம்பளிக் காலுறையை மறக்காதே. உனக்கு ஒரு கெடுதலும் வராமல் இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். நல்லா இரு.

பிட்னா மதியம் நூலகத்துக்குப் பின்னால் உள்ள படிக்கட்டில் தனியாகச் சாப்பிடுகிறாளாம்.

உன் அம்மா,
ஓக்பூன்