நெளிந்த வீல் என்று கழற்றிவிட்டார்கள், தேவா

என் உயிர் மச்சான் தேவாவுக்கு,

எனக்குப் பயமாக இருக்கிறதுடா. இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வது? கண் தெரியாதவன் என்று எல்லோரும் ஏற்கெனவே எனக்காகப் பயந்துகொண்டிருக்கிறார்கள். நானும் பயப்படுகிறேன் என்று தெரிந்தால் வாசல்படி தாண்ட விட மாட்டார்கள். ஃபோனில் பேசித்தான் இதை எழுதுகிறேன், தப்பு இருந்தால் ஃபோனைத் திட்டு.

விஷயம் இதுதான். நாம் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதித்த இரட்டைச் சைக்கிளை இனி உன் பெண்டாட்டி செல்வி ஓட்டப் போகிறாளாம். பின்சீட்டில் நானாம். "அண்ணா, அவரு போனதுலேர்ந்து வண்டி சும்மாவே நிக்கிது. ஞாயித்துக்கெயம திருவேற்காடு கோயிலுக்குப் போய்ட்டு வரலாமா? நான் முன்னாடி ஒக்கார்றேன்" என்றாள். சரிம்மா என்று வாய் சொல்லிவிட்டது. மனசுதான் சொல்லவில்லை.

உன் பின்னால் உட்கார்ந்தபோது மட்டும் எனக்கு ஏன் பயம் வந்ததில்லை? தண்ணி லாரி காதோரம் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். நீ "பள்ளம் மாமே" என்பாய், நான் சீட்டை விட்டு எழும்புவேன், அவ்வளவுதான். நம் பெடல்கள் செயினால் இணைந்தவை, உன் கால் தயங்கினால் என் காலுக்குத் தெரிந்துவிடும். நீ தயங்கியதே இல்லையே! நெஞ்சுவலியைக்கூட யாரிடமும் சொல்லாமல் போய்ச் சேர்ந்த பாவிதானே நீ.

செல்வி வண்டியை சர்வீஸுக்கு விட்டு எடுத்துவந்தாள். மேனாம்பேட்டில் நம் தெருவிலேயே ஓட்டிப் பார்த்தோம். முதல் மிதியிலேயே எனக்கு உயிர் போய்விட்டது. பெடல் உச்சிக்கு வந்ததும் கால் சிக்கிக்கொண்டாற்போல் திணறியது, வண்டி ஆடியது, பின்னால் ஏதோ ஒரு ஆட்டோ கிறீச்சென்று பிரேக் போட்டது. "நிறுத்து, நிறுத்து!" என்று கத்திவிட்டேன்.

"இன்னாண்ணா, நான் சரியாத்தானே ஓட்டறேன்?" என்றாள் அழுகிற குரலில்.

குனிந்து, பெடலோடு சுற்றும் செயின் வீலைத் தடவிப் பார்த்தேன். வட்டம், தேவா. சுத்தமான வட்டம்! நீ ஆசையாகத் தேடி வாங்கிப் போட்ட முட்டை வடிவ வீலைக் காணோம்.

அதை மாட்டிய அன்று என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாயே, நினைவிருக்கிறதா? "கால் அழுத்தி மிதிக்கிற எடத்துல பெருசு மாமே. மேலயும் கீயயும் கால்ல பலமே இருக்காது பாரு, அங்க சின்னது. சிக்காம தாண்டிக்கும்." அதில் வேகம் கூடுமா கூடாதா என்று பந்தயக்காரர்கள் அடித்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு சுற்றிலும் என் கால் எங்கே இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தது அதுதான்.

கடைக்கு ஓடினோம். "வீலு அடிவாங்கி நெளிஞ்சி கீது சார், அதான் புதுசு போட்டேன்" என்றார் மெக்கானிக். நல்ல மனசோடு செய்திருக்கிறார், என்ன சொல்ல? பழைய சாமான் பெட்டிக்குள் கையைவிட்டுத் துழாவி நானே எடுத்தேன். எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி மாட்டவைத்தேன்.

நேற்று மாலை மறுபடி ஏறினோம். கால் தாண்டித் தாண்டிப் போனது, நீ முன்னால் இருக்கிற மாதிரியே. அப்போது பின்னால் ஒரு லாரி உறுமியது. செல்வியின் கால் நின்றுவிட்டது. அவள் நடுங்குவது பெடல் வழியாக என் காலுக்குள் ஏறியது.

"எனக்கும் பயமா கீதுண்ணா. நீங்க பின்னால கீறீங்கன்னுதான் ஏறினேன்."

என்னை நம்பியா? எதிரில் வருவது யானையா பூனையா என்று தெரியாத என்னையா? வேறு வழி தெரியாமல் அழுத்தி மிதித்தேன். அவள் காலும் கூடவே சுற்றியது.

ஞாயிற்றுக்கிழமை பைபாஸைத் தாண்ட வேண்டும். கோயில் வாசல் வரைக்கும் போவோமா, பாதியிலேயே இறங்கிவிடுவோமா, யாருக்குத் தெரியும்? ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள். பயந்துகொண்டேதான் ஏறுவேன். ஆனால் அவள் கால் நிற்கிற இடத்தில் நான் மிதிப்பேன்.

உன் பின்சீட்டு மச்சான்,
பாஸ்கர்