கழி ஊன்றக் கற்ற வருஷம்

15 ஜூன் 2009, திங்கள். கடலூர்

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் ஆகிறது, நான் இல்லாமல். பழக்கத்தில் காலையிலேயே புடவைக்கு இஸ்திரி போட்டுக் கட்டியும் விட்டேன். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "எங்க கிளம்பற?" என்றார். புடவையை மாற்றிக்கொண்டேன்.

நேற்று எழிலரசி சென்னையிலிருந்து போன் பண்ணியபோது ஆபீஸ் கதை ஒன்று சொன்னாள். வெளிநாட்டில் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் ஒரு வருஷம் எங்காவது போய் வேலை செய்துவிட்டு வருவார்களாம். 'கேப் இயர்' என்று பேர். சொல்லிவிட்டு, "நீ எப்பம்மா வர? பாப்பாவ பாத்துக்க ஆள் இல்ல" என்றாள்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்த பதினோராம் நாள் வேலையில் சேர்ந்தவள். முப்பத்தைந்து வருஷம் பூகோளம் நடத்தி ரிடையர் ஆனேன். நடுவில் இரண்டு பிரசவம். அதை விடுமுறை என்று யாராவது சொன்னால் அடிப்பேன்.

பேப்பரில் ஒரு விளம்பரம். பிச்சாவரம் பக்கம் ஒரு தீவு விடுதிக்குப் பொறுப்பாளர் வேண்டுமாம். அங்கேயே தங்க வேண்டும், வயது தடையில்லை. கத்தரித்து வைத்திருக்கிறேன். ஏன் வைத்திருக்கிறேன்?

22 ஜூன், திங்கள்

சிதம்பரம் போய் வந்தேன். விடுதிக்காரர் தில்லைநாதனுக்கு மேலவீதியில் பாத்திரக்கடை. குண்டான்களுக்கு நடுவில் உட்கார்ந்துதான் பேசினோம். புன்னைத்திட்டு என்ற சின்னத் தீவு, எட்டு அறை. சமையலுக்கு ராணியம்மாள், படகுக்கு அவர் கணவர் பக்கிரி.

"ஒரே ஒரு கண்டிசன் டீச்சர். பொறுப்புல இருக்கறவுங்களுக்குப் படகு ஓட்டத் தெரியணும். பக்கிரி இல்லாத நேரம் யாருக்காவது ஒண்ணுன்னா கரை சேக்கணும். மாசி மாசம் வரைக்கும் டைம். முடியலன்னா வேற ஆள் பாத்துக்கறேன்."

சரி என்றேன். நான் சொன்னேனா? 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கடல் பக்கமே போகாதவள். அந்த ஜனவரியில் வருகைப் பதிவு எடுக்கும்போது மூன்று பேர் பெயருக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து பஸ்ஸில்கூடத் தண்ணீர் தெரியாத பக்கம்தான் உட்காருவேன்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "தண்ணியா? நீயா? மூணு மாசம் தாங்க மாட்ட, தைலா. நேரா எழிலு வீட்டுக்குப் போயிடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல்.

ஒரு வருஷம். எனக்கே எனக்கு. மாசிக்குள் படகு ஓட்டாவிட்டால் அதுவும் இல்லை.

9 ஜூலை, வியாழன். புன்னைத்திட்டு

காலை ஏழரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தேன். ஆறாம் அறைப் புதுமணத் தம்பதி வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தார்கள். அவனுக்குச் சட்டை பொத்தான் மாறியிருந்தது. வாய் தவறி, "ஒழுங்கா போட்டுட்டு வா" என்றுவிட்டேன். ராணியம்மாள் அடுப்படியிலிருந்து, "அடுத்து என்னா டீச்சர், பிரேயரா?" என்றார்.

மணியைக் கழற்றிவிட்டேன்.

2 ஆகஸ்ட், ஞாயிறு

முதல் பாடம். இங்கிருந்து கரைக்கு முக்கால் மணி நேரம், சுரபுன்னைக் காட்டுக்குள் வாய்க்கால் வாய்க்காலாகப் போக வேண்டும். ஆழம் குறைவு. அதனால் துடுப்பு உதவாது, மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுவதுதான்.

ராணியம்மாள் சொன்னார்: "ஊணுங்க. சாயுங்க. புடுங்குங்க. புடுங்க மறந்தா கழி அங்க நிக்கும், படகு அந்தாண்ட போவும், நீங்க நடுவுல."

அப்படியேதான் ஆயிற்று. இடுப்பளவுத் தண்ணீர். செத்தேன் என்று நினைத்தேன். அந்தம்மா படகில் உட்கார்ந்து சிரிக்கிறார். "எழுந்து நில்லுங்க டீச்சர், தரைல காலு நிலைக்குது."

ஆறாம் வகுப்புப் பிள்ளை பேனாவை இறுக்கிப் பிடிக்கும். இறுக்க இறுக்க எழுத்து கோணும். எத்தனை பிள்ளைகளிடம் "லூசா புடி" என்று கத்தியிருக்கிறேன். பாவம், அதுகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்று தெரிந்தது.

20 செப்டம்பர்

மூன்று முறை அதே இடத்தில் வட்டம் அடித்தேன். பக்கிரி மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

11 நவம்பர், புதன்

மழை. ஒரு வாரமாக விருந்தினர் யாரும் இல்லை. எழிலரசி போன். பாப்பாவுக்கு ஜுரம், இவளுக்கு லீவு இல்லை. "நீ அங்க யாருக்கோ காபி ஆத்திக்கிட்டு இரும்மா" என்று வைத்துவிட்டாள்.

நான் இங்க என்னா பண்றேன்? யாரு கேட்டா இந்த வருஷத்த? அம்பத்தெட்டு வயசுல ஒரு கம்ப புடிக்கத் தெரியல — கை பூரா கொப்புளம் — பயம் மட்டும் அப்படியே இருக்கு. பையை எடுத்துத் துணி வைக்க ஆரம்பித்தேன்.

ராணியம்மாள் மீன் கழுவிக்கொண்டே பார்த்தார். "ஊருக்கா?"

"தண்ணிய பாத்தா பயம் போவல ராணியம்மா."

"எனக்கு மட்டும் போச்சா? அலைல அக்கா போயிட்டா. பத்தாம் நாளு வலை எடுத்துக்கிட்டு எறங்குனேன். பயம் பாட்டுக்கு இருந்துச்சு, நான் பாட்டுக்குப் போனேன். இந்த வாளிய கொஞ்சம் நவுத்துங்க."

வாளியை நகர்த்தினேன். எழிலரசிக்கு நானே போன் பண்ணி, ஜூன் வரை வர முடியாது, பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வை என்று சொன்னேன். அழவில்லை. அவளும் அழவில்லை. பையிலிருந்து துணியை எடுத்துக் கொடியில் போட்டேன்.

17 ஜனவரி 2010, ஞாயிறு

கரைக்குப் போய்த் திரும்பினேன். ராணியம்மாள் வாயே திறக்காமல் முன்னால் உட்கார்ந்து வந்தார். போக ஐம்பத்திரண்டு நிமிஷம்.

"பாஸ்" என்றார்.

"எத்தினி மார்க்?"

"முப்பத்தஞ்சு."

28 பிப்ரவரி, ஞாயிறு. மாசி மகம்

எழுத்து கோணுகிறது. பரவாயில்லை.

தீர்த்தவாரிக்காக ராணியம்மாளும் பக்கிரியும் காலையிலேயே பெரிய படகில் கிள்ளைக்குப் போனார்கள், மூன்று மணிக்கு வருவதாக. விடுதியில் ஒரே குடும்பம்: ராஜமாணிக்கம், பாங்க்கில் கிளார்க், அவர் மனைவி ரேகா. நாளைக் காலை பத்து மணிக்குச் சென்னையில் அவருக்கு ஆபீசர் பதவிக்கு இன்டர்வியூ. மூன்றாவது தடவை. இதற்கு மேல் வாய்ப்புக் கிடையாதாம். சாயங்காலம் சிதம்பரத்தில் பஸ் பிடிக்க வேண்டும்.

ஒன்றரைக்குப் பக்கிரி போன். ரோடு பூரா கூட்டம், படகுத்துறைக்கே வர முடியவில்லை, இருட்டிவிடும் என்றார். இருட்டினால் இங்கே படகு விடுவதில்லை. ராஜமாணிக்கம் முகம் சுண்ணாம்பு போல ஆனது. ரேகா, "நான் அப்பவே சொன்னேன், கல்யாண நாள அடுத்த வாரம் வச்சிக்கலாம்னு" என்றார்.

சின்னப் படகு நின்றது. நான் பார்த்தேன். இன்று பௌர்ணமி, தண்ணீர் நிறைய இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். "வாங்க, நான் கொண்டுபோய் விடறேன்."

பாதி வழி நன்றாகத்தான் போனது. அகலமான வளைவில் படகு தரை தட்டி நின்றது. சுற்றிலும் பளபளவென்று சேறு.

முப்பத்தைந்து வருஷம் கரும்பலகையில் எழுதினேன்: பௌர்ணமியன்று உயர் ஓதம் மிக உயரும். அதே வரியில் அடுத்து என்ன எழுதினேன்? தாழ் ஓதம் மிகத் தாழும், ஏறிய தண்ணீர் அந்த அளவுக்கு வடியும். பிள்ளைகள் பாதிப் பதில் எழுதினால் பாதி மார்க் போடுவேன். இன்று நான் பாதிப் பதிலோடு இரண்டு பேரைப் படகில் ஏற்றியிருக்கிறேன்.

ராஜமாணிக்கம் பேன்ட்டை மடித்துவிட்டு இறங்கப் போனார். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ. "உக்காருங்க." உட்கார்ந்தார். சேற்றில் கழியை ஊன்றிக் காட்டினேன். என் தோள் உயரம் உள்ளே போனது. "இதுல கால வச்சா இன்டர்வியூவுக்கு மட்டும் இல்ல, எதுக்குமே போக முடியாது. தண்ணி தானா வரும். இருக்கணும்."

"எப்ப வரும்?"

"நாலு மணிக்கு." உறுதியாகச் சொன்னேன். உள்ளே எனக்கே உறுதி இல்லை. ஆனால் பயம் பாட்டுக்கு இருந்தது.

ஒன்றரை மணி நேரம். சும்மா இருந்தால் அவர் இறங்கிவிடுவார் போலிருந்தது. இன்டர்வியூ மாதிரி கேள்வி கேட்கச் சொன்னேன். ரேகா ஆரம்பித்தார்: "உங்க பலவீனம் என்னா?"

"அவசரம்" என்றார் ராஜமாணிக்கம்.

"அடுத்தது?"

"நீ."

ரேகா விசிறிக்கொண்டிருந்த துண்டால் ஒரு போடு போட்டார். அப்புறம் மூன்று பேருமாகச் சிரித்தோம். முதல் இரண்டு தடவை கோட்டை விட்ட கேள்விகளைச் சொன்னார். பதில் தெரிந்தே இருந்தது. கேள்வி முடிவதற்குள் பதிலைத் தொடங்கிவிடுகிறார், அவ்வளவுதான். "நான் கேட்டு முடிச்சதும் ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணிட்டுப் பேசுங்க" என்றேன். எண்ணினார். சேற்றில் நண்டுகள் வெளியே வந்து பார்த்தன.

நாலே காலுக்குப் படகு லேசாக அசைந்தது. தொட்டில் அசைவது போல. ஊன்றினேன், சாய்ந்தேன், பிடுங்கினேன்.

நாலு ஐம்பதுக்குக் கரை. ஆட்டோவில் ஏறும்போது ராஜமாணிக்கம் கும்பிட்டார். கை பதிலுக்கு எழவில்லை, அவ்வளவு வலி.

வெளிச்சம் போவதற்குள் தனியாகத் திரும்பி வந்தேன். தனியாக.

3 மார்ச், புதன்

தில்லைநாதன் வந்தார். "தரை தட்டிச்சாமே."

மறைக்கவில்லை. பௌர்ணமிக் கணக்கில் நான் செய்த தப்பையும் சொன்னேன். ராணியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

தில்லைநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "போன மேனேஜருக்கும் தட்டுச்சு டீச்சர். நல்லா ஓட்டுவாரு. எறங்கித் தள்ளுனாரு, இடுப்பு வரைக்கும் போய்ட்டாரு. மூணு பேரு இழுத்தோம். நீங்க யாரையும் எறங்க விடல. நீங்க இருங்க."

ராணியம்மாளிடம் எத்தனை மார்க் என்று கேட்டேன். கணக்கில் தப்பு என்பதால் எழுபதுதானாம்.

26 மார்ச்

போன். "ஆபீசர் ராஜமாணிக்கம் பேசறேன்." ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணிவிட்டு, "சொல்லுங்க ஆபீசர்" என்றேன்.

15 மே, சனி

எழிலரசி பாப்பாவோடு வந்து நாலு நாள் இருந்தாள். நானே கரைக்குப் போய் ஏற்றி வந்தேன். வழியெல்லாம் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். இன்று கிளம்பும்போது, "பாப்பாவ ஸ்கூல்ல சேத்தாச்சும்மா. அங்கயே பாத்துக்கறாங்க. நீ அவசரப்பட வேணாம்" என்றாள்.

30 ஜூன், புதன்

ஒரு வருஷம் முடிந்தது. தில்லைநாதன் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார். இவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

என்னைக் கூட்டிப்போக இவரே இன்று வந்தார். கரையில் ஒரு பையோடு நின்றார். "படகு யாரு ஓட்டறது?" என்றார். நடுவில் உட்காரச் சொன்னேன். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பாதி வழியில் ஒரு கையை எடுத்தார். திட்டு கண்ணுக்குத் தெரிந்தபோது இன்னொன்றையும்.

ராணியம்மாள் இறால் குழம்பு வைத்தார். இவர் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினார்.

விதிப்படி பதிவேட்டை நீட்டினேன். பெயர்: அந்தோணிசாமி. ஊர்: கடலூர். வந்த காரணம்: மனைவியைப் பார்க்க. சாயங்காலம் எடுத்துப் பார்த்தேன். எத்தனை நாள் தங்குவீர்கள் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்.